நோயாளரின் எதிர்பார்ப்பும் ஊர் வைத்தியசாலையும்

இலங்கையின் பல ஊர்களில் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. ஊரிலே சிறிய அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. ஆயினும் ஊரவர் விடியற்காலையில் பஸ் ஏறி நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். வெளிநோயாளர் பிரிவில் துண்டெடுத்து, நெடுநேரம் காத்திருந்து, சில நிமிடங்கள் மட்டும் வைத்தியரைக் கண்டு, ஊரிலேயே கிடைக்கக்கூடிய அதே குளிசையுடன் வீடு திரும்புகின்றனர். இஃது ஏன்?

எவருடைய கடிதமுமின்றி எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் செல்லும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கட்டணமுமில்லை. ஆகவே, மக்களின் கால்களே அவர்களுடைய தீர்ப்பைக் கூறுகின்றன.

வைத்திய சேவையின் தரத்தை அமைப்பு, செயன்முறை, பயன் என மூன்றாக வகுத்து ஆராயலாம் என்று அவேடிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர் 1966 இல் எழுதினார். கட்டடமும் கருவியும் அமைப்பு. நோயாளரை நடத்தும் முறை செயன்முறை. நோய் நீங்குதல் பயன். மருந்தின் தகுதியை அளக்கும் அறிவு நோயாளருக்கு இல்லாதிருக்கலாம். ஆனால், தம் சொல்லை வைத்தியர் செவிமடுத்தாரா, தாதி கடிந்து பேசினாரா, சென்ற முறை இல்லாத மருந்து இம்முறை இருந்ததா என்பவற்றை அவர் நன்கறிவார். ஒருமுறை மருந்தின்றித் திரும்பியவர் மறுமுறை அவ்வாயிலை மிதிக்கத் தயங்குவார். அத்தயக்கம் அயலவருக்கும் பரவும்.

எதிர்பார்ப்பு யாவும் நேரியதன்று. ஊசி போட்டாற்றான் வைத்தியம் என்று எண்ணுவோருளர். சாதாரண தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கேட்போருமுளர். வைரசினால் வரும் அந்நோய்க்கு அம்மருந்து பயன்படாது. இதனைப் பொறுமையோடு விளக்குவதும் வைத்தியத்தின் பாற்பட்டதே.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஒரு நாளிற் தீர்வனவல்ல. நோயாளரை அறிந்த ஒருவர், பழைய குறிப்பைப் பார்த்து, ஆண்டுக்கணக்கிற் கவனித்தல் வேண்டும். நெரிசலில் இது கைகூடுவது அரிது. அந்நெரிசலிலேயே, உடனே கவனிக்கப்பட வேண்டிய கடும் நோயாளரும் காத்திருக்க நேரிடுகிறது.

நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்றார் வள்ளுவர். ஊர் வைத்தியசாலையில் மருந்து தவறாதிருக்கட்டும், இன்சொல் குறையாதிருக்கட்டும். ஊரவரும் சிறு நோய்க்கு முதலில் அவ்வாயிலையே நாடட்டும். நம்பிக்கை வளர்வதற்கு இருபாலாரின் முயற்சியும் வேண்டும்.