மின்காரும் இல்லத்தின் இசைவும்



குமரி மாவட்டம் என்றதும் சமணர் நெஞ்சில் எழுவது சிதறால் மலை. தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தாங்கி நிற்கும் அந்தத் திருச்சாரணத்து மலை இருக்கும் அதே மாவட்டத்தில், மலையடிவாரத்தில், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் கீரிப்பாறை. நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியே அங்குச் செல்லும் தொலைவு 30 கிலோமீட்டருக்கு உட்பட்டது.

நாகர்கோவிலில் குடியிருந்து, பணியின் பொருட்டு நாள்தோறும் கீரிப்பாறை சென்று திரும்பும் ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பாருங்கள். பழைய பெட்ரோல் கார் தேய்ந்துவிட்டது. இனி மின்கார் வாங்கலாம் என்கிறார் அவர். கணவரோ இசையவில்லை. இத்தகைய வாக்குவாதம் இன்று பல இல்லங்களில் நிகழ்கிறது.

மனைவியின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்போது, அதனுள் 4000 முறை தீ மூட்டப்படுகிறது. நெருப்பையும் காற்றையும் ஓரறிவுயிர்களாகக் கருதும் அறத்தார்க்கு இது சிறு செய்தியன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். 60 கிலோமீட்டர் பயணத்துக்கு 4 லிட்டர் செலவானால், நாளொன்றுக்கு 9 கிலோவுக்கு மேல்.

ஆயினும் நியாயம் வலுவானது என்பதற்காகச் சொல்லால் ஒருவரை வீழ்த்துதல் அறமாகுமா? பிறர் கூற்றிலும் ஒரு பகுதி உண்மை உண்டு எனத் தேடுவதே அனேகாந்தம். அது ஏட்டில் கற்கும் தத்துவம் மட்டுமன்று. கணவன் மனைவி உரையாடலிலும் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம். ஆகவே அந்த இல்லத்தரசி வாதத்தை நிறுத்திவிட்டு, கணவரின் மறுப்புகளைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதுகிறார்.

முதல் மறுப்பு, விலை. உண்மையே, மின்காரின் விலை கூடுதல்தான். 2019 ஆகஸ்டு முதல் மின்வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருப்பினும், நாள்தோறும் ஓடும் வண்டிக்கே எரிபொருள் மிச்சத்தால் அந்த வேறுபாடு விரைவில் ஈடாகும். எப்போதேனும் ஓடும் வண்டிக்கு அவர் கணக்கே சரி.

இரண்டாம் மறுப்பு, மின்சாரமும் நிலக்கரியில் விளைவதுதானே என்பது. இதுவும் உண்மையே. முப்பந்தல் காற்றாலைகள் அருகில் சுழன்றாலும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும் அதே மின்தொடருக்கு மின்சாரம் வழங்குகின்றன. மின்கலத்துக்கு லித்தியம் அகழ்கின்றனர். கீரிப்பாறையின் ரப்பர் போன்றதே சக்கரத்தில் உருண்டு தேயும். மின்கார் குற்றமற்றதன்று, தீங்கு குறைந்தது. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதம். குறைத்தலே அவர்தம் நோன்பு.

மூன்றாம் மறுப்பு, ஊருக்குச் செல்லும் 600 கிலோமீட்டர் பயணம். ஆண்டுக்கு இருமுறை திண்டிவனம் பக்கத்து உறவினர் இல்லங்களுக்குச் செல்ல வேண்டும். அதற்கு விழுப்புரம் வரை ரயில் உண்டு.

நான்காம் மறுப்பைக் கணவர் உடனே சொல்லவில்லை. பலநாள் கழித்தே சொல்கிறார்: "மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றுவிட்டால், இருட்டில் அந்தக் காட்டுச் சாலையில் நீ தனியே நிற்க நேருமே!"

இத்தனை நாளும் காரைப் பற்றியதாகத் தோன்றிய மறுப்பின் அடியில் இருந்தது மனைவியைப் பற்றிய அச்சம். முதல் நாளே வாதத்தில் வென்றிருந்தால் அந்தச் சொல் வெளிவந்திராது.

இந்த அச்சத்துக்கு விடை சமண ஒழுக்கத்திலேயே உண்டு. சிராவகரின் பன்னிரு விரதங்களுள் ஒன்று திக்விரதம். எத்திசையில் எவ்வளவு தொலைவு செல்வது என எல்லை வகுத்துக்கொள்வது. புறப்படும் முன் தொலைவை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இச்சமுதாயத்துக்குப் புதிதன்று. இன்றைய பெரும்பாலான மின்கார்கள் ஒருமுறை முழுமையாக மின்னேற்றினால் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்த அம்மையாரின் தேவையோ 60. எனவே இருவரும் ஓர் எல்லை வகுக்கின்றனர்: மின்கலத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கும் நாளில் கீரிப்பாறைக்குப் புறப்படுவதில்லை, பேருந்து உண்டு. திரும்பும் வழி இறக்கமாதலால், வேகத்தைத் தணிக்கும்போது சிறிது மின்சாரம் மின்கலத்துக்கே மீளும். வீட்டின் 16 ஆம்பியர் இணைப்பில் நான்கு மணி நேரம் மின்னேற்றினால் ஒருநாள் செலவு நிரம்பிவிடும். பொழுது சாய்ந்தபின் வீட்டார் உண்பதில்லை. வண்டி மட்டும் இரவில் உண்ணட்டும்!

இறுதியாகக் கணவர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: பழைய காரை வைத்துக்கொண்டு புதியதும் வாங்குவது கூடாது; வீட்டுக்கு ஒன்றே போதும். மிகுபொருள் விரும்பாமையை நினைவூட்டியவர், இசையாது நின்ற அவரே.

இல்லத்தில் மாற்றம் விரும்புவோர் முதலில் செவி கொடுக்க வேண்டும். புகையில்லா வண்டியை வீட்டுக்குக் கொணரும்போது, மனத்தில் புகைச்சல் இல்லாது கொணர்வதே அஹிம்சை.

வளர்க அறம்! ஜெய் ஜினேந்திரா!