தெரிய வேண்டியவருக்கு, தேவையான அளவு

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கான பள்ளி நலவாழ்வுப் பயிற்சியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பின் சட்டம் பற்றிப் பேச வருகிறவரைக் கண்டால் யாருக்கும் தூக்கம்தான் வரும். அதனால் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். கணக்கில் கெட்டிக்காரன். மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. காரணம் கேட்டால் 'காய்ச்சல்' என்று மட்டும் வீட்டில் சொன்னார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் என்னிடம் படித்தவர். வழியில் பார்த்தபோது கேட்டேன். தயங்கினார். "நான் டீச்சர்தானே, சொல்லுப்பா" என்றேன். "டிபி டீச்சர், மாத்திரை போயிட்டிருக்கு" என்றார்.

அந்தப் பையன் திரும்பி வந்த நாளில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேசினேன். "நம் நண்பன் காசநோயிலிருந்து தேறி வந்திருக்கிறான். யாரும் அவனை ஒதுக்கக் கூடாது" என்றேன். மனதார, நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். மறுநாள் அவன் பெஞ்சில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். சத்துணவுக்கூடத்தில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் யாரும் தட்டு வைக்கவில்லை. இரண்டு பெற்றோர் வந்து, தங்கள் பிள்ளைகளை இடம் மாற்றச் சொன்னார்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, தொற்றும் நிலை தாண்டி, மருத்துவர் 'பள்ளிக்குப் போகலாம்' என்று அனுப்பிய பிள்ளை அவன். அதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

கேட்டது என் தவறு. சொன்னது அந்த ஊழியர் தவறு. ஊருக்கு அறிவித்தது மறுபடியும் என் தவறு. ஒரு பிள்ளையின் படிப்பு அதில் போயிற்று.

அந்த ஊழியர் என்னிடம் சொல்லலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிறகு நான் விதிகளைப் படித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. சிகிச்சையின்போது அறிந்த நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. அதற்கு மூன்று விலக்குகள் உண்டு. நீதிமன்றத்தில் நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, இன்னதென்று கண்டறியப்பட்ட ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தால் சொல்ல வேண்டும். இவை தவிர, நோயாளி தானே சம்மதித்தால் சொல்லலாம். பிள்ளையாக இருந்தால் பெற்றோர் சம்மதம். 'டீச்சர் கேட்டார்' என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

காசநோய் 2012 மே மாதத்திலிருந்து அறிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டிய இடம் சுகாதாரத் துறை. பள்ளி வழிபாட்டுக் கூட்டம் அல்ல. வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் கூட, யார் பெயரையும் சொல்லாமல் எல்லோரையும் பரிசோதிக்கலாம்.

அறிவிப்பதற்கும் அம்பலப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் இரண்டு மாவட்டமும் 2020 மே மாதத்தில் கண்ணால் பார்த்தது. சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கவும் காய்கறி இறக்கவும் போயிருந்த நம் ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். பரிசோதனையில் பலருக்குத் தொற்று உறுதியானது. அதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தது கடமை. தொடர்பில் இருந்தவர்களைத் தேடியதும் கடமை. ஆனால் என் செல்போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்ததே! பெயர், தெரு, வயது எல்லாம் இருந்தது. அது யாருடைய கடமை? அந்தப் பட்டியலில் என் பழைய மாணவர்கள் இருவர். அவர்கள் வீட்டுக்குப் பால்காரர் வருவதை நிறுத்தினார். நோய் 14 நாளில் போயிற்று, பேச்சு போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய, கொரோனா நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று.

'குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து' என்றால் என்ன? இதற்குச் சென்னையில் நடந்த ஒரு வழக்கே பாடம். நாகாலாந்து அரசுப் பணியில் இருந்த மருத்துவர் ஒருவர், உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து இரத்தம் கொடுத்தார். அதில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 1995 டிசம்பரில் நடக்க இருந்த அவர் திருமணம், செய்தி வெளியே போனதால் நின்றது. ஊரார் ஒதுக்கியதால் கோஹிமாவை விட்டுச் சென்னைக்கே வந்துவிட்டார். மருத்துவமனை மீது வழக்குத் தொடர்ந்தார். 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தரங்க உரிமை உண்டு, ஆனால் அது எல்லையற்றது அல்ல, மணமகளின் உயிரும் நலமும் காக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மணமகளுக்குத் தெரிய வேண்டியது நியாயம். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்ததால் யாருடைய உயிர் காக்கப்பட்டது?

இந்தக் கேள்விக்குப் பின்னாளில் சட்டமே வழி சொன்னது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, துணைவருக்கு மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே சொல்லலாம். அதற்கு முன் நோயாளியையே சொல்லும்படி ஆலோசனை கூற வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று உறுதிப்பட வேண்டும். 'நான் சொல்லப் போகிறேன்' என்று அவரிடமும் தெரிவிக்க வேண்டும். நமக்கு முக்கியமான இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: பள்ளியில் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது, அதைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் கல்வியை மறுக்கக் கூடாது.

"அப்படியென்றால் எதையும் யாரிடமும் சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். இல்லை. வாயை மூடிக்கொண்டால் குற்றமாகும் இடமும் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால், மருத்துவரும் ஆசிரியரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் அப்படிச் சொல்கிறது. மறைத்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். குழந்தைத் திருமணம் என்றால் 1098 எண்ணுக்குப் பேசுங்கள். ஆகவே அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக் கூடியவரிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். புகார் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஆசிரியர் அறையில் அந்தப் பிள்ளையின் பெயரை உச்சரிக்க நமக்கு உரிமை வந்துவிடாது.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்லி விடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மாவோடு ஒரு மருத்துவர் என்னைப் பார்க்க வந்தார். "அம்மாவோட சம்மதத்தோடதான் சொல்றேன் டீச்சர். பாப்பாவுக்கு வலிப்பு வரலாம். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க, கையில இரும்பு கொடுக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108-ஐக் கூப்பிடுங்க" என்றார். "எதனால வந்தது டாக்டர்?" என்று பழைய பழக்கத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். "அது உங்களுக்குத் தேவைப்படாது டீச்சர்" என்றார். கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் மட்டும் தெரிவித்தேன். இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டு முறையும் சரியாகக் கையாண்டோம். அந்தப் பெண் அடுத்த நாளே பள்ளிக்கு வந்தாள்.

எனவே நாளை பள்ளிக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். மருத்துவக் குழு வந்து எழுதிய பரிசோதனை அட்டைகளும் மருத்துவச் சான்றுகளும் மேசை மேல் கிடந்தால் எடுத்துப் பூட்டி வையுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் உடல்நிலையையும் எழுதாதீர்கள், உதவி கேட்பதற்காக என்றாலும் அந்த வீட்டாரைக் கேட்காமல் எழுதாதீர்கள். பரிசோதனைக்கு மருத்துவக் குழு வந்தால், மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் மேசை போட்டுக் கொடுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவனின் தாயை ஒருமுறை சந்தையில் பார்த்தேன். நானாகவே மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க டீச்சர், எங்களுக்குத் தெரியும்" என்றார். சின்ன வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டே, "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நீங்கள் கேளுங்கள்.