சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைச் செலவும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் திருப்பூர் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



குடும்பச் செலவைப் பத்திப் பேசச் சொன்னாங்க. செலவுன்னு ஆரம்பிச்சாலே நமக்குச் சொல்லப்படறது ஒண்ணுதான். சினிமாவுக்குப் போகாதீங்க, ஹோட்டலுக்குப் போகாதீங்க, அந்தக் காசைச் சேமிப்பில போடுங்க. நான் அப்படிப் பேசப் போறதில்லைங்க. வாரம் பூரா பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்டு வேலை பார்க்கிற பொண்ணு ஞாயித்துக்கிழமை ஒரு படம் பார்த்தா அது வீண்செலவுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆம்பளைங்க தினம் டீக்கடைக்கும் இன்னொரு கடைக்கும் போயிட்டு வர்றதை எந்தத் தீர்மான நோட்டுலயும் நாம எழுதறதில்லையே!

திருப்பூர்ல வாரச் சம்பளம் வழக்கம்கிறது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி கையில காசு வரும். ஞாயித்துக்கிழமை தியேட்டர், பிரியாணிக் கடை, கட்டில் பீரோ கடை எல்லாம் நிறைஞ்சிருக்கும். தேனி, மதுரைப் பக்கமிருந்து கல்யாணம் முடிஞ்ச கையோட வர்ற ஜோடிங்க ஒரு பாயும் நாலு பாத்திரமும் வச்சுத்தான் லைன் வீட்டுல குடித்தனம் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கட்டில், இன்னொரு ஞாயித்துக்கிழமை மிக்ஸின்னு வீடு கொஞ்சம் கொஞ்சமா நிறையும். அது ஒரு சந்தோஷம்தான். ரெண்டு பேரும் உழைச்சு, ரெண்டு பேரும் கடைக்குப் போயி, ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்து வைக்கிறது.

தியேட்டருக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம்னு தியேட்டர்காரங்க சொல்லலாம். அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குன்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல, குடிக்கிற தண்ணி இலவசமா வைக்கணும், கைக்குழந்தையோட வர்றவங்க குழந்தைக்குத் தேவையான சாப்பாட்டைக் கொண்டு போகலாம்னும் இருக்கு. பால் பாட்டிலை வாசல்ல வாங்கி வச்சா தயங்காம கேளுங்க. பெரிய ஏசி ஹோட்டல்ல சாப்பிட்டா பில்லைப் படிச்சுப் பாருங்க. ஜி.எஸ்.டி. அரசாங்க வரி, அதைக் கட்டியாகணும். ஆனா 'சர்வீஸ் சார்ஜ்'னு போட்டிருந்தா அது வரி இல்லை, விருப்பம் இருந்தா கொடுக்கலாம். கட்டாயமா வாங்கக்கூடாதுன்னு 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை, 2025 மார்ச்சில டெல்லி ஹைகோர்ட்டும் சரின்னு சொல்லிருக்கு.

இதெல்லாம் நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம். நான் பேச வந்தது அதுக்கு அடுத்த கடையைப் பத்தி.

எங்க குழுவுல ஒரு தங்கச்சி ஓவர்லாக் டெய்லர். வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர். ரெண்டு பேருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ரெண்டாவது ஆட்டம், மறுநாள் மதியம் பிரியாணி, சாயங்காலம் பிரிட்ஜ் கடை. கடை வாசல்ல 'வட்டியில்லாத் தவணை'ன்னு பலகை. பிரிட்ஜ் 24,000 ரூபாய், மாசம் 2,000 வீதம் 12 மாசம். கணக்கு நேராத்தானே இருக்கு? ஆனா கையெழுத்துப் போடும்போது 'பிராசஸிங் கட்டணம்'னு 600 ரூபாய். ரொக்கம்னா எவ்வளவுன்னு அந்தத் தங்கச்சி கேட்டாங்க. பேரம் பேசி 22,500-க்கு இறங்குச்சு. அப்ப தவணைக்கு வட்டி 2,100 ரூபாய், பேரு மட்டும் வட்டியில்லை. இப்படி ஒரு 'வட்டியில்லாக் கடன்' கிடையவே கிடையாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குச் சொல்லிருக்கு.

அவங்க குழுவுல உள்கடன் கேட்டாங்க. நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. மாசம் 1,875 அசல். முதல் மாசம் வட்டி 225, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். வருஷ முடிவுல மொத்த வட்டி 1,462 ரூபாய்தான் வந்துச்சு. அதுவும் எங்கயும் போகலை, நம்ம குழுப் பெட்டிக்கே வந்தது. பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற நட்சத்திர அட்டையையும் அவங்க பார்த்துத்தான் வாங்கினாங்க. நட்சத்திரத்தை எண்ணறதோட விடக்கூடாது, வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு கீழே போட்டிருக்கும். 240 யூனிட்டுக்கும் 180 யூனிட்டுக்கும் 60 யூனிட் வித்தியாசம். வீட்டுக்காரம்மா யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினா வருஷம் 480 ரூபாய்.

இவ்வளவும் விவரமாப் பார்த்தவங்கதான். பில் போடும்போது கடைக்காரர், "பேர் சொல்லுங்க சார்"னு வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் தன் பேரைச் சொன்னார். அதுல யாருக்கும் எந்த வருத்தமும் அன்னைக்கு இல்லை. டிவி, பீரோ, கட்டில் எல்லாத்துக்கும் அப்படியேதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுல சண்டை முத்திப் போச்சு. ஒரு நாள் இவங்க ஷிப்டு முடிஞ்சு வந்து பார்த்தா, பிரிட்ஜ், பீரோ, டிவி மூணையும் டெம்போவுல ஏத்திட்டு அவர் போயிட்டார். போன்ல கேட்டா, "பில் என் பேர்ல இருக்கு, வாடகைச் சீட்டும் என் பேர்ல இருக்கு, நீயும் காலி பண்ணு"ன்னு பதில். பீரோவுக்குள்ள இவங்க அம்மா போட்ட நகையும் இருந்துச்சு.

இந்த இடத்துலதான் சகோதரிகளே, நமக்குச் சட்டம் தெரிஞ்சிருக்கணும். 2005-ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர்ல இருந்து நடைமுறையில இருக்கு. எல்லா மதத்துப் பெண்களுக்கும் அது பொருந்தும். சேர்ந்து வாழ்ந்த வீட்டுல இருக்கிற உரிமை மனைவிக்கு உண்டு. வீடு அவர் பேர்ல இருந்தாலும், வாடகை வீடா இருந்தாலும், நீ வெளியே போன்னு அவர் இஷ்டத்துக்குத் துரத்த முடியாது. மாமனார் மாமியார் பேர்ல இருக்கிற வீட்டுல குடியிருந்தவங்களும் இந்த உரிமையைக் கேட்கலாம்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அம்மா வீட்டுச் சீர், நகை மனைவிக்கு மட்டுமே சொந்தம். 1985-லயும் சொன்னாங்க, 2024-லயும் திரும்பச் சொன்னாங்க. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம்.

நகை சரி. பிரிட்ஜ்? பில்லு ஒரு சாட்சிதான், அதுவே முடிவு இல்லை. யார் பணம் கொடுத்தாங்கன்னும் பார்ப்பாங்க. எங்க குழுக் கடன் லெட்ஜர்ல 'பிரிட்ஜ் வாங்க'ன்னு காரணம் எழுதி, 12 மாசமும் அவங்க கட்டினது தேதியோட இருந்துச்சு. அந்த லெட்ஜரைத் தூக்கிட்டு நாங்க நாலு பேரு மாவட்ட சமூகநல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்கிட்ட போனோம். அவரையும் கூப்பிட்டுப் பேசினாங்க. நகை வந்துச்சு, பீரோ வந்துச்சு, பிரிட்ஜும் வந்துச்சு. டிவி ரொக்கத்துல வாங்கினது, எந்த நோட்டுலயும் எழுதலை. அது வரவே இல்லை. அவசரத்துக்கு 181-ன்னு பெண்கள் உதவி எண் இருக்கு, போன்ல எழுதி வச்சுக்குங்க.

வீட்டுக்காரரை நம்பாதீங்கன்னு நான் சொல்ல வரலைங்க. கடைக்காரர் பேர் கேட்கும்போது ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் போடச் சொன்னா அவர் போடத்தான் போறார். கூடுதலா ஒரு பைசா ஆகாது. கேட்கும்போது வீட்டுக்காரர் முகம் மாறுச்சுன்னா, அதையும் அன்னைக்கே தெரிஞ்சுக்கறது நல்லதுதானே.

பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கம்ப்ரசர் போச்சுன்னா வாரண்டிக்கு அதைத்தான் கேட்பாங்க. கடைக்காரர் ஏமாத்தினா 1915-க்குப் போன் பண்ணலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுல இருக்கிற பில், வாடகைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. யார் பேர் இருக்குன்னு உக்காந்து பார்ப்போம். பில் இல்லாத பொருளுக்கு, என்ன பொருள், எப்ப வாங்கினது, யார் எவ்வளவு போட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வச்சுக்கலாம். கோடு போட்ட நோட்டு ஆளுக்கு ஒண்ணு நான் வாங்கிட்டு வர்றேன், காசு மட்டும் பிரதிநிதிகிட்ட கொடுத்துடுங்க.