பட்டமா? பட்டறையா?
(நடுவர் தீர்ப்புரை)

 

"செலவழித்துக் கல்லூரிப் பட்டம் வாங்குவது தகுமா? தகாதா?" இதுதான் தலைப்பு. ரெண்டு அணியும் மோதி முடிச்சுட்டாங்க. இந்தத் தலைப்பைக் கொண்டுவந்து கோயம்புத்தூரிலே வச்சதுதான் வம்பு! வேற ஊரா இருந்தா, "படிப்புத்தாங்க பெரிசு"ன்னு ஒரு வரியிலே தீர்ப்புச் சொல்லிட்டு நான் பஸ் ஏறியிருப்பேன். (சிரிப்பு)

இங்கே முடியுமா? வீதிக்கு வீதி லேத்துப் பட்டறை. பம்புசெட்டு, மோட்டார், வெட் கிரைண்டர்... எல்லாம் பட்டம் வாங்கினவங்களா செஞ்சாங்க? கிழக்கே போனா திருப்பூர். பனியன் கம்பெனியிலே கைமடியாச் சேர்ந்து, டெய்லராகி, சொந்தமா நாலு மிஷின் போட்டு, கடைசியிலே ஏற்றுமதிக்காரரா ஆனவங்க உண்டு. அவங்ககிட்டே போய், "நீங்க என்னங்க படிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "என்ற கிட்ட வேலை செய்யறவங்க எல்லாம் நல்லாப் படிச்சிருக்காங்க, போதாதுங்களா?"ம்பாங்க. (பலத்த சிரிப்பு)

'தகாது' அணியிலே பேசின தம்பி, ஒரு பெரிய மனுஷரைச் சாட்சிக்கு அழைச்சார். ஜி.டி.நாயுடு. கலங்கல் கிராமத்திலே 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் படிப்பையே பாதியிலே விட்டவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பிச்சு, பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினவர். "அவர் எந்தக் காலேஜ்லேங்க படிச்சார்?"ன்னு தம்பி கேட்டார். அரங்கமே கை தட்டிச்சு. நானும் தட்டினேன்.

ஆனா தம்பி, கதையிலே பாதியைத்தான் சொன்னீங்க. மீதியை நான் சொல்றேன். கல்லூரிக்கே போகாத அந்த மனுஷர், கையிலே வசதி வந்ததும் என்ன பண்ணினார் தெரியுமா? கல்லூரி ஆரம்பிச்சார்! (கைதட்டல்) 1945-ல், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பேரிலே, தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்க. அப்புறம் சண்டை வந்தது. எதுக்கு? "நாலு வருஷப் படிப்பை ரெண்டே வருஷத்திலே முடிக்கலாம், பையன்களோட காலத்தை ஏன் வீணடிக்கறீங்க?"ங்கறது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கலை. விலகிட்டார். கவனிச்சுப் பாருங்க. அவருக்குக் கோபம் படிப்பு மேலே இல்லை. படிப்புங்கற பேர்லே வீணாப் போற காலத்து மேலே.

அவர் ஆரம்பிச்ச அந்தக் கல்லூரிதான் பின்னாலே தடாகம் ரோட்டிலே அரசு தொழில்நுட்பக் கல்லூரியா நிமிர்ந்து நின்றது. அங்கே படிச்சவர் யாரு? பொள்ளாச்சிக்குப் பக்கத்திலே கோதவாடி கிராமம். பள்ளி ஆசிரியர் ஒருத்தரோட மகன். தமிழ் வழியிலே படிச்ச பையன். இங்கே பி.இ., பி.எஸ்.ஜி.யிலே எம்.இ., 1982-ல் இஸ்ரோவிலே வேலை. 2008-ல் நிலாவுக்குச் சந்திரயான் போச்சே, அதுக்குத் திட்ட இயக்குநர். மயில்சாமி அண்ணாதுரை! (நீண்ட கைதட்டல்)

பட்டம் வாங்காதவர் ஆரம்பிச்ச கல்லூரியிலே பட்டம் வாங்கினவர் நிலாவுக்கே கலம் அனுப்பினார். இப்போ நாயுடுவை எந்த அணிப் பக்கம் உட்கார வைக்கறது? நீங்களே சொல்லுங்க!

இன்னொன்றும் யோசிக்கணும். படிப்பை விட்டுட்டு ஜெயிச்ச ஒருத்தரை மேடையிலே நிறுத்தறோம். அவரோட சேர்ந்து படிப்பை விட்ட மற்றவங்க எங்கே? அவங்களை யாரும் மேடைக்குக் கூப்பிடறதில்லை. அப்பாவுக்குச் சொந்தப் பட்டறை இருந்தா, "பட்டம் எதுக்கு, வந்து லேத்தைப் பிடி"ன்னு சொல்லலாம். அப்பாவே சோமனூரிலே அடுத்தவர் தறியை ஓட்டிக்கிட்டிருக்கிறவர்னா? அந்தப் பிள்ளை எதைப் பிடிக்கும்? முதல் இல்லாத வீட்டுக்குப் படிப்புத்தான் முதல். (கைதட்டல்)

'தகும்' அணி ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், உங்ககிட்டேயும் வர்றேன். (சிரிப்பு)

பேராசிரியை அம்மா புள்ளிவிவரம் சொன்னாங்க. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டிலே 47, இந்தியா முழுமைக்கும் 28.4. பெருமைதான். ஆனா அம்மா, எல்லார் கையிலேயும் ஒரே நோட்டு இருந்தா அதுக்கு மதிப்பு ஏது? மாநிலத்திலே நானூறுக்கு மேலே பொறியியல் கல்லூரி இருக்கு. எல்லாம் ஒரே தரமா? வாசல் வளைவு பெரிசா இருக்கு, ஆய்வுக்கூடம் பூட்டியே இருக்குன்னா, அங்கே வாங்கற பட்டம் காத்துலே விடற பட்டம்தான். (பலத்த சிரிப்பு)

கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு லட்சம்னு வச்சுக்குங்க, நாலு வருஷத்துக்கு நாலு லட்சம். அதோட முடிஞ்சுதா? அந்த நாலு வருஷமும் பையன் வேலைக்குப் போயிருந்தா மாசம் 12,000 வாங்கியிருப்பான்னா, 48 மாசத்துக்கு 5,76,000. ரெண்டையும் கூட்டினா 9,76,000. சாப்பாடு, பஸ், துணிமணி தனி. இதுதான் பட்டத்தோட உண்மையான விலை. கல்விக் கடன் கிடைக்குமே என்கிறீங்களா? கிடைக்கும். ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமலே கிடைக்கும். ஆனா பையன் வகுப்பிலே தூங்கினாலும் வட்டி தூங்காதுங்க! (சிரிப்பு, கைதட்டல்) அப்பாவும் சேர்ந்துதான் அந்தப் பத்திரத்திலே கையெழுத்துப் போடணும்.

இத்தனைக்கும் நடுவிலே பொண்ணு படிப்பு இருக்கு பாருங்க, அங்கேதான் நம்ம மனசு வெளியே வருது. கல்யாண மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்கறோம். "இந்தப் பணம் திரும்ப வருமா?"ன்னு யாராச்சும் கேட்டமா? பொண்ணு காலேஜுக்குப் போகணும்னா மட்டும் நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடறோம்.

நம்ம பக்கத்து நூற்பாலைகள்லே ஒரு ஏற்பாடு இருந்தது. பேர் சுமங்கலித் திட்டம். வெளியூரிலிருந்து ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிவந்து, விடுதியிலே வச்சு, மூணு வருஷம் வேலை வாங்கி, கடைசியிலே கல்யாணச் செலவுக்குன்னு மொத்தமா ஒரு தொகை கொடுப்பாங்க. பதினெட்டு வயசு நிரம்பாத பிள்ளைகளும் அதிலே இருந்தாங்க. தாய்மார்களே, ஒரு பி.ஏ. பட்டத்துக்கும் அதே மூணு வருஷம்தாங்க. அங்கே மூணு வருஷம் முடிஞ்சா தொகை வரும், நகையாப் போகும். இங்கே மூணு வருஷம் முடிஞ்சா, புருஷன் கைவிட்டாலும் நாலு பேரிடம் போய் வேலை கேட்கிற தைரியம் வரும். அதை எந்த அடகுக்கடையிலேயும் வைக்க முடியாது! (நீண்ட கைதட்டல்)

விலையைக் குறைக்க வழியும் இருக்கு. 2010-ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியிலே கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளியிலே படிச்சவங்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலே 7.5 விழுக்காடு இடம் வந்தது. 2022-ல் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அதைத் தொடங்கினதே இந்தக் கோவை அரசு கலைக் கல்லூரியிலேதான். டிப்ளமோ முடிச்சுட்டு நேரா ரெண்டாம் வருஷ இன்ஜினீயரிங்கிலே சேரவும் வழி உண்டு. கையும் தொழில் பழகும், காலமும் மிச்சம். நாயுடு கேட்டதே அதானே!

ஆகவே தீர்ப்பு. காட்டை விக்கறதுக்கு முன்னாலே மூணு கேள்வி கேளுங்க. ஒன்று: முதல் வருஷக் கட்டணம் இல்லை, கடைசி வருஷம் வரைக்கும் மொத்தம் எவ்வளவு? ரெண்டு: போன வருஷம் அங்கே படிச்சு வெளியே வந்த பிள்ளைகள் இப்போ எங்கே இருக்காங்க? விளம்பரத்தைக் கேட்காதீங்க, அந்தப் பிள்ளைகளையே தேடிப் போய்க் கேளுங்க. மூணு: "கண்ணு, உனக்கு இதிலே ஆசை இருக்கா?" இந்தக் கேள்வியைத்தான் நிறைய வீட்டிலே யாரும் கேட்கறதே இல்லை.

மூணுக்கும் நல்ல பதில் வந்தா, கடன் வாங்கியாவது படிக்க வையுங்க. வராவிட்டா, பக்கத்து அரசுக் கல்லூரியோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ போதும்; கௌரவத்துக்காகக் காட்டை விக்காதீங்க. பிள்ளைகளுக்குப் பட்டம் தகும், பெற்றவங்களோட பகட்டுக்கு வாங்கற பட்டம் தகாது என்று தீர்ப்புக் கூறி விடைபெறுகிறேன்.  (பலத்த கைதட்டல்)