கையெழுத்து வைக்க முன் வாசியுங்கோ

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இப்புத்தாண்டு மலரில் இடம்பெறுகிறது.)

 

நான் கல்விமான் அல்ல. இருபது வருடத்துக்கு மேல் இரவு வேலை செய்த ஒரு தகப்பன். பிள்ளைகளை யூனிவர்சிற்றிக்கு ஆயத்தம் செய்வது பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். வென்ற கதையைச் சொல்வதா, பிழைவிட்ட கதையைச் சொல்வதா என்று யோசித்தேன். பிழைவிட்ட கதைதான் உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

2006 ஆம் ஆண்டு. என் மூத்த மகன் அப்போது கிறேட் 8. ஒருநாள் விடிய நான் வேலையால் வந்து படுக்கப் போகிற நேரம் ஒரு படிவத்தை நீட்டினான். அடுத்த வருடம் ஹைஸ்கூலில் படிக்கப் போகும் பாடங்கள். கணிதத்துக்கு நேரே 'அப்ளைட்' என்று அடையாளம் போட்டிருந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படித்த காலத்தில் தூய கணிதம் ஒரு பாடம், பிரயோக கணிதம் இன்னொரு பாடம். 'அப்ளைட் மற்ஸ்' படிக்கிறவன் என்றால் எஞ்சினியராக வரப்போகிறவன் என்று ஊரே சொல்லும். "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஒன்ராறியோவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. 'அகடமிக்' என்பதுதான் யூனிவர்சிற்றிப் பக்கம் போகும் பாதை. 'அப்ளைட்' பெரும்பாலும் மற்றப் பக்கம் போகும். மூன்று வருடமாக எனக்கு இது தெரியாது. றிப்போட்டில் 80, 85 என்று நல்ல மார்க்ஸ் வந்தது. நானும் எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன். கிறேட் 11 இல் அவன் பொறியியல் படிக்க வேண்டும் என்று போய்க் கேட்டபோதுதான், "நீ வந்த பாதையில் அதற்குத் தேவையான கணிதம் எடுக்க முடியாது" என்றார்கள். பிறகு கோடை வகுப்பு, இரவு வகுப்பு என்று விட்ட பாடங்களை அடியிலிருந்து பிடித்துக்கொண்டு வர ஒரு முழு வருடம் மேலதிகமாகப் போனது. கூடப் படித்தவர்கள் யூனிவர்சிற்றிக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அப்பா, நீங்கள்தானே சைன் வைச்சனீங்கள்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் நாட்டில் கடைசியில் ஒரு சோதனை. அதில் எடுக்கும் புள்ளிதான் தலைவிதி. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது வாசல் அடைபட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இங்கே அப்படி ஒரு பெரிய சோதனை இல்லை. நான்கு வருடமும் சின்னச் சின்ன வாசல்கள். ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் பூட்டும். சிலவேளை பூட்டுகிற கை எங்களுடையதாகவே இருக்கும்.

சரி, இன்றைய நிலைமையைப் பார்ப்போம். கிறேட் 9 இல் இந்தப் பிரிப்பை எடுத்துவிட்டார்கள். 2021 இல் கணிதத்திலும், 2022 இல் மற்றப் பாடங்களிலும் எல்லாரையும் ஒன்றாகப் படிக்க விட்டார்கள். நல்ல விசயம். ஆனால் ஆபத்து போய்விட்டது என்று நினையாதேங்கோ, ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கிறேட் 10 இல் அகடமிக், அப்ளைட் இரண்டும் இருக்கின்றன. அதைத் தெரிவு செய்கிற படிவம் கிறேட் 9 படிக்கும்போதே, குளிர்காலத்தில் வரும்.

ஆங்கிலம் குறைவு என்று பயப்பட வேண்டாம். பாடக் குறியீட்டில் ஐந்தாவது எழுத்தை மட்டும் பாருங்கோ. கிறேட் 10 இல் 'டி' என்றால் அகடமிக், 'பி' என்றால் அப்ளைட். கிறேட் 11, 12 இல் 'யூ' யூனிவர்சிற்றிக்கு, 'சி' கொலிஜுக்கு, 'எம்' இரண்டுக்கும், 'ஈ' நேரே வேலைக்கு. இந்த ஒரு எழுத்து தெரிந்திருந்தால் என் மகனுக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

இனி வருட ஒழுங்கில் சொல்கிறேன்.

கிறேட் 9: 40 மணித்தியாலம் சமூகசேவை செய்யாமல் டிப்ளோமா கிடைக்காது. கிறேட் 8 முடிந்த கோடையிலேயே தொடங்கலாம். கடைசி வருடம் வரை வைத்திருந்து ஓடித்திரியாதேங்கோ. தமிழையும் கிரெடிட் பாடமாகப் படிக்கலாம். அது டிப்ளோமாவுக்குத் தேவையான 30 கிரெடிட்டில் சேரும்.

கிறேட் 10: எழுத்தறிவுச் சோதனை வரும். முதல்முறை தவறினால் உலகம் முடிந்துவிடாது. திரும்ப எழுதலாம், அதற்கென்று ஒரு பாடமும் இருக்கிறது. பிள்ளையைப் பேசிக் குழப்பாதேங்கோ.

கிறேட் 11: பிள்ளை விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்று இப்போதே பின்னோக்கிப் பாருங்கோ. பொறியியல் என்றால் பொதுவாகக் கிறேட் 12 இல் ஆங்கிலம், இரண்டு உயர் கணிதப் பாடங்கள், பௌதீகம், இரசாயனம். நர்சிங் என்றால் உயிரியலும் இரசாயனமும். கிறேட் 11 இல் விட்ட பாடத்தைக் கிறேட் 12 இல் நினைத்தவுடன் எடுக்க முடியாது. சில இடங்களில் முதல் சுற்றில் அனுமதி கொடுக்கும்போது கிறேட் 11 மார்க்ஸையும் பார்ப்பார்கள்.

கிறேட் 12: யூனிவர்சிற்றி விண்ணப்பத்துக்கு ஜனவரி நடுப்பகுதி, கொலிஜுக்கு பெப்ரவரி 1 என்று மனதில் வையுங்கோ. பெரும்பாலும் மிகச் சிறந்த ஆறு கிறேட் 12 பாடங்களைத்தான் கணக்கெடுப்பார்கள். எல்லாம் 'யூ' அல்லது 'எம்' ஆக இருக்க வேண்டும். வோட்டர்லூ போன்ற இடங்களில் மார்க்ஸ் மட்டும் போதாது, பிள்ளை வெளியில் என்ன செய்தது என்றும் எழுதிக் கேட்பார்கள். நாட்டுக்கு வந்து சில வருடங்களே ஆன பிள்ளைகளிடம் ஆங்கிலத் தேர்வுச் சான்றும் பல இடங்களில் கேட்பார்கள்.

அடுத்தது, நாங்கள் கூட்டங்களில் பேச விரும்பாத விசயம். அகதிக் கோரிக்கை இன்னும் முடியாமல் இருக்கிற குடும்பங்களும் எங்களுக்குள் இருக்கின்றன. ஹைஸ்கூலில் உங்கள் குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளையைத் தள்ளிவைக்க ஒன்ராறியோச் சட்டம் விடாது. அதனால் பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது. கிறேட் 12 இல்தான் இடி விழும். வழக்கு முடியாத பிள்ளைக்கு ஓசாப் கிடையாது, வெளிநாட்டு மாணவர் கட்டணமும் கேட்கலாம். கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டால், நிரந்தர வதிவிடம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட நபர் என்ற நிலையிலேயே உள்ளூர்க் கட்டணமும் ஓசாப்பும் கேட்கலாம். ஆகவே கிறேட் 9 இலேயே கடிதங்களை ஒழுங்குபடுத்தி வக்கீலுடன் கதையுங்கோ. முக்கியமாக, பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ. மறைத்து வைத்தால் அது வேறு ஆட்களின் வாயால் கேட்கும்.

காசு விசயத்தில் இன்னொன்று. 2004 அல்லது அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, குறைந்த வருமானக் குடும்பம் என்றால், அரசாங்கம் கல்விச் சேமிப்புக் கணக்கில் முதலில் 500 டொலரும், தகுதியுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 100 டொலரும், மொத்தம் 2,000 டொலர் வரை போடும். நீங்கள் ஒரு சதமும் போடத் தேவையில்லை. கணக்குத் திறந்து கேட்டால்தான் வரும். கடந்த வருடங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கொலிஜ் என்றால் பெரிய பள்ளிக்கூடம். இங்கே கொலிஜ் என்றால் தொழிற்படிப்பு. "உங்கட மகன் கொலிஜோ?" என்று இழுத்துக் கேட்கிற பழக்கத்தை விடுவோம். மின்வேலை, பல் சுகாதாரம், கணினி என்று படித்துக் கௌரவமாக வாழ்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! பிள்ளை தெரிந்துகொண்டு அந்தப் பாதையில் போனால் அது அதன் விருப்பம். தெரியாமல் தள்ளுப்பட்டுப் போனால் அது எங்கள் கவலையீனம்.

என் மகன் பிந்தினாலும் படித்து முடித்து இன்று பொறியியலாளராக வேலை செய்கிறான். 2013 இல் தங்கச்சி ஹைஸ்கூலுக்குப் போகிற நேரம் அந்தப் படிவத்தை அவனே எடுத்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, வரிக்கு வரி வாசித்துக் காட்டினான். பிறகுதான் பேனையைத் தந்தான். உங்களுக்கும் ஒரு படிவம் வரும். அன்றைக்கு நித்திரையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கோ. விளங்காவிட்டால் பாடசாலை ஆலோசகரிடம் நேரம் கேளுங்கோ, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றும் கேளுங்கோ. இல்லாவிட்டால் எங்கள் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கோ, சேர்ந்து வாசிப்போம்.

எல்லோருக்கும் என் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.