வெள்ளத்தில் நின்ற புளியமரம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ‘வாழ்வின் பொருள்’ என்னும் தலைப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, “இவ்வாண்டு நீங்களும் பேச வேண்டும், ‘வாழ்வின் பொருள்’ என்பது தலைப்பு” என்றபோது நான் அஞ்சினேன். நான் பள்ளியிறுதி வகுப்பு வரை படித்தவன். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தன். கணக்கேட்டில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியுமேயன்றி, வாழ்வின் பொருளைக் கண்டு கூறும் புலமை எனக்கு ஏது? “புலவர் ஒருவரை அழையுங்கள், ஐயா” என்றேன். அவரோ, “புலவர் நூலில் கண்டதைச் சொல்வார், நீங்கள் வாழ்வில் கண்டதைச் சொல்லுங்கள்” என்று கூறி என் வாயை அடைத்துவிட்டார். ஆகவே, கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறேன். குறை இருப்பின் பொறுத்தருள்க.

அன்பர்களே! நம் மாதாப்பூரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் இது கரும்பாறைகளுக்கு நடுவே கிடந்த சிற்றூர். 1998ஆம் ஆண்டில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பாறைகள் உடைந்தன, மாடங்கள் உயர்ந்தன. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் நம் பிள்ளைகள் வந்தார்கள். வீடு வாங்கினார்கள், ஊர்தி வாங்கினார்கள், பெற்றோரையும் அழைத்து வந்தார்கள். பொருள் சேர்ந்தது. ஆனால் நள்ளிரவில் பணி முடிந்து மின்தூக்கியில் ஏறி வரும் இளைஞன் ஒருவன், “இத்தனையும் எதற்காக?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். அவனிடம் பொருள் இருக்கிறது; பொருளின் பொருள் தெரியவில்லை.

அவன் மட்டுமா கேட்கிறான்? பிள்ளைக்காகத் தன் வேலையை விட்டு வந்த தாய் கேட்கிறாள். ஊரில் பத்துப் பேருக்கு வழக்குத் தீர்த்துவைத்துவிட்டு, இங்கே பேச்சுத் துணையின்றிப் பால்கனியில் அமர்ந்திருக்கும் பெரியவர் கேட்கிறார். இந்தக் கேள்வி பணக்காரன் வீட்டிற்கும் வரும், பஞ்சை வீட்டிற்கும் வரும். வந்தவுடன் போய்விட்டால் நன்று. கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் அதுவே பெருந்துயரம்.

இது புதிய கேள்வியும் அன்று. புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் பாடியவர் பக்குடுக்கை நன்கணியார் என்னும் புலவர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிணப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுரசும் ஒரே வேளையில் ஒலிப்பதைக் கேட்டு அவர் நெஞ்சு பதைத்தார். இப்படி ஓர் உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே சினந்துரைத்தார். துன்பம் இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. உலகம் கொடியதுதான், அதன் இயல்பை அறிந்து இனியவற்றைக் காண்க என்பது அவர் முடிபு. வள்ளுவரும் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ‘இடுக்கண் இன்மை’ என்று அவர் பெயரிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இடுக்கண் வரும், அதனால் நாம் அழிய வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து.

சரி, அந்த இனியவற்றை எங்கே காண்பது? இதற்கு விடை தேடி இமயத்திற்குப் போக வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத் நகரிலேயே விடை நிற்கிறது. ஆம், ஒரு மரமாக நிற்கிறது!

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள். மூசி ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. வீடுகள் சரிந்தன; பாலங்கள் உடைந்தன. மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர் என்று மதிப்பிடுகின்றனர். அந்த நாளில் அப்சல்கஞ்ச் பகுதியில் ஒரு புளியமரம் நின்றது. இன்றைய உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்தில் உள்ள மரம் அது. வெள்ளத்தில் தத்தளித்தவர்கள் அதன் கிளைகளைப் பற்றி ஏறினார்கள். சுமார் 150 உயிர்கள் அந்த ஒரு மரத்தால் பிழைத்தன. இந்து என்றும் இசுலாமியர் என்றும், செல்வர் என்றும் ஏழை என்றும் அன்று யார் பார்த்திருப்பார்கள்? கிளைக்குக் கிளை மனிதர். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அம்மரத்தடியில் கூடி மாண்டவரை நினைவுகூர்கின்றனர்.

அந்த வெள்ளம் விட்டுச்சென்ற மற்றொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்ஜத் ஐதராபாதி என்பது அவர் பெயர், உருதுக் கவிஞர். அன்று இளைஞர். மூசி வெள்ளம் அவருடைய தாயையும் மனைவியையும் மகளையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. அவர் ஒருவரே கரையேறினார். தாய்மார்களே, எண்ணிப் பாருங்கள்! முந்திய நாள் ஒரு குடும்பம். மறுநாள் ஒரு தனி மனிதன். “எதற்காக நான் மட்டும் பிழைத்தேன்?” என்று கேட்கும் உரிமை உலகில் யாருக்காவது உண்டென்றால் அவருக்கு உண்டு.

அவர் என்ன செய்தார்? முதலில் அழுதார். அந்த அழுகையைப் பாட்டாக்கினார். வெள்ளத்தைப் பற்றி அவர் பாடிய பாட்டிற்குச் ‘சிறிய ஊழிக்காலம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதோடு நின்றுவிடவில்லை. அதன் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நான்கு அடிகளில் பெரும் பொருளை அடக்கும் ‘ருபாயி’ என்னும் பாவகையில் தக்காணத்தின் பெருங்கவிஞர் எனப் புகழ்பெற்று, 1961ஆம் ஆண்டில் மறைந்தார். இழந்தவர்கள் அவருக்குத் திரும்பவில்லை; அந்தப் புண் ஆறியது என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் பாட்டைக் கேட்டு ஆறுதல் பெற்றவர் பலர். தாம் பிடித்துப் பிழைக்கக் கிளை தேடிய மனிதர், பின்னர்ப் பிறர் பற்றிக்கொள்ளும் கிளையானார்!

இந்நகரமும் அப்படியே செய்தது. பெருவெள்ளத்திற்குப் பின் நிசாம் அரசு பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் தந்த திட்டத்தின் வழியே மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927இலும் அமைந்தன. உயிரைக் குடித்த நீரே பின்னர்க் குடிநீராயிற்று. ‘ஏன் வந்தது வெள்ளம்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அணை எழுந்திராது. ‘வந்துவிட்டது, இனி நாம் செய்ய வேண்டியது என்ன?’ என்று கேட்டதனால் எழுந்தது.

கடல் கடந்த நாட்டிலும் இதையே கண்ட ஒருவர் உண்டு. வியன்னா நகரத்து மருத்துவர் விக்டர் பிராங்கல் 1942ஆம் ஆண்டில் குடும்பத்தோடு நாசிகளின் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1945இல் விடுதலை பெற்றபோது அவருடைய பெற்றோரும் மனைவியும் உடன்பிறந்தானும் உயிரோடில்லை. அடுத்த ஆண்டே அவருடைய நூல் வெளிவந்தது. வாழ்வைப் பார்த்து ‘உன் பொருள் என்ன?’ என்று நாம் கேட்பதைவிட, வாழ்வு ஒவ்வொரு நாளும் நம்மைப் பார்த்து ஏதோ ஒன்றைக் கேட்கிறது. அதற்கு நாம் செயலால் விடை சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. செய்யும் பணியிலும், செலுத்தும் அன்பிலும், விலக்க இயலாத துன்பத்தை ஏற்கும் மனநிலையிலும் பொருளைக் காணலாம் என்றார் அவர்.

இவ்வளவும் பெரியோர் கதை. இனி இந்தச் சிறியேன் கதையையும் ஒரு சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

2021ஆம் ஆண்டு, கொரோனாத் தொற்று மிகுந்திருந்த வேளையில், ஊரில் என் தாயார் காலமானார். நான் போய்ச் சேர முடியவில்லை. தலைமகனாகிய நான் கொள்ளி வைக்காமல், கைப்பேசியில் படம் பார்த்து அழுதேன். பின்னர்ப் பல திங்கள்கள் நான் நடைப்பிணம். அலுவலகம் போவேன், எண்களை எழுதுவேன், திரும்பி வருவேன். உணவில் சுவையில்லை. என் மனைவி பேசினால் மறுமொழி சொல்வேன்; நானாக ஒன்றும் பேசேன். ‘பெற்றவளுக்கு ஒரு பிடி அரிசி போட முடியாதவனுக்கு இருபது ஆண்டு உழைப்பு எதற்கு?’ என்பதே நினைவு.

அப்போது எங்கள் அடுக்ககத்தில் ஒரத்தநாட்டுப் பக்கத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் அவர் எங்கள் கதவைத் தட்டினார். கண் மருத்துவரிடம் போக வேண்டும்; தெலுங்கு தெரியாது; துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். எனக்கு விருப்பமில்லை. மறுக்கவும் நாணமாக இருந்தது. போனேன். மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அம்மையார் சொன்னதைத் தெலுங்கில் சொன்னேன். அவ்வளவுதான். திரும்பும் வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீ இல்லாட்டி இன்னைக்கு நான் ஊமைதான்” என்றார்.

அன்றிரவு நான் உண்டேன், உறங்கினேன். என் தாய்க்குச் செய்யாத கடன் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நான் பேசினால் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற ஒரு சிறு கிளை என் கையில் அகப்பட்டது. பிறகு ஒன்று அறிந்தேன். அந்த அம்மையாரும், “இந்த ஊரில் எனக்கு என்ன வேலை? என்னை ஏன் இன்னும் வைத்திருக்கிறான் இறைவன்?” என்று நாள்தோறும் ஏங்கியவர்தாம். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பிற்கு அவரை அழைத்து வந்தேன். இன்று நம் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பாட்டி அவரே. அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்து, “என்னைப் பற்றி எதற்கடா பேசுகிறான்?” என்று முகத்தைச் சுளிக்கிறார்! அவர் கிளையை நான் பற்றினேனா, என் கிளையை அவர் பற்றினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நண்பர்களே! இவற்றால் நான் கண்டது இதுதான். தனியே அமர்ந்து எண்ணி எண்ணிக் கண்டெடுக்கும் புதையல் அன்று வாழ்வின் பொருள். நம்மிடம் ஒருவர் ஒன்று கேட்கும்போது, ‘இதோ வருகிறேன்’ என்று எழுந்தால், அந்த எழுச்சியில் அது பிறக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மனம் உடைந்தவனிடம், ‘போய்ப் பிறர்க்கு உதவு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு நாம் நழுவக் கூடாது. வெள்ளத்தில் போகிறவனிடம் மரத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை. கையை நீட்ட வேண்டும். ‘உனக்கு என்ன குறை? நல்ல சம்பளம், நல்ல வீடு’ என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். அது அவன் வாயை மூடும், புண்ணை மூடாது. பசியும் உறக்கமும் கெட்டு, வாரக் கணக்கில் துயரம் நீங்காதிருந்தால் அது நோயாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிறோம்; மனநோய்க்குப் போவதில் என்ன இழிவு? உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருவர்க்கு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். உடன் இருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியுள்ளது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் சமையலறை நாட்காட்டியில் இன்றே எழுதி வையுங்கள்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறை மேடை அமைத்துக் கைதட்டிக் கலைவதோடு நம் கடமை முடியவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு பேர், ஒரு வீடு. அழைப்பிதழோ நன்கொடைச் சீட்டோ கையில் இல்லாமல், “நலமா?” என்று கேட்க மட்டும் செல்வோம். கூட்டத்திற்கு வராத குடும்பத்திற்கு முதலில் செல்வோம். இப்பணிக்கு முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறேன். இரண்டாம் பெயர் யாருடையது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை அப்சல்கஞ்சுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் புளியமரத்தைக் காட்டுங்கள். அது வெள்ளத்தைத் தடுக்கவில்லை; நின்ற இடத்தில் நின்று கிளையைக் கொடுத்தது. நாமும் நிற்போம், கொடுப்போம்.