காற்றில் இருக்கும் தண்ணீர்

(பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். ஏர்கோன் பழுது பார்க்கிறவன். ஆனாலும் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது. "காத்துலேருந்து குடிதண்ணி எடுக்கிற மெஷின் வந்திருக்காமே, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். விற்பனையாளர் ஒருவர் வந்து விளக்கிவிட்டுப் போயிருக்கிறாராம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூல் செய்யலாமா என்றும் பேச்சு நடக்கிறதாம். அது உங்கள் வியர்வைக் காசு. ஆகவே எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இது ஏமாற்று வேலையா? இல்லை. விடியற்காலையில் செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மட்டையைத் தொட்டால் போதும், சட்டை நனைந்துவிடும். மழை பெய்யவில்லை, ஆனாலும் தண்ணீர் இருக்கிறது. ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதுவும் இதேதான். காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக நீர் கலந்திருக்கிறது. குளிர்ந்த பொருள்மீது பட்டதும் துளியாகிவிடுகிறது.

எவ்வளவு இருக்கும்? மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம், அதாவது நம் ஊர் சாதாரண நாள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கும். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 189 கன மீட்டர் காற்று. பெருக்கினால் நாலரை லிட்டர் வருகிறது! நீங்கள் உட்கார்ந்து பாடம் படிக்கும் அறையிலேயே மூன்று பெரிய போத்தல் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது.

அதைப் பிடிக்கிற இயந்திரம் ஏர்கோனுக்கு உடன்பிறப்பு. விசிறி காற்றை உள்ளே இழுக்கும், குளிர்ந்த குழாய்மேல் மோதவிடும், சொட்டுவதை வடிகட்டி, கிருமி போகப் புற ஊதா விளக்கைக் காட்டித் தொட்டியில் சேர்க்கும். குளிர வைத்தும் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். இருபது லிட்டர் வேண்டுமென்றால் ஏழெட்டு வகுப்பறைக் காற்றை அது விழுங்கியாக வேண்டும்.

இங்கேதான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஆவியைத் துளியாக்கக் கரண்ட் வேண்டும். நம்மைப் போன்ற ஈரமான ஊரிலேயே லிட்டருக்கு அரை யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட இழுக்கும். இருபது லிட்டருக்கு எட்டு, பத்து யூனிட். குழாயில் அதே இருபது லிட்டர் சில சென் காசுதான். பெட்டியின்மேல் "ஒரு நாளைக்கு 30 லிட்டர்" என்று ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 விழுக்காட்டில் அளந்த கணக்கு. ஏர்கோன் போட்ட ஆபீசுக்குள் வைத்தால் அவ்வளவு வராது. வடிகட்டியையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இயந்திரம் ஓடும், தண்ணீர் கெடும். அந்தச் செலவை விற்பனையாளர் சொன்னாரா என்று கேட்டேன். நண்பர் சிரித்தார்.

அப்படியானால் யாருக்கு இது உதவும்? சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதே ஆண்டு டிசம்பரில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் காற்றிலிருந்து நாளுக்கு 1,000 லிட்டர் எடுக்கும் இயந்திரத்தை வைத்து, லிட்டர் 5 ரூபாய்க்கு விற்றார்கள். தாகத்தோடு இறங்கும் பயணிக்கு நல்ல காரியம். ஆனால் அந்த ஒரு ரயிலுக்கு ஈடுகட்ட அப்படிப்பட்ட இயந்திரம் 2,500 வேண்டும். ஊருக்கே தண்ணீர் கொடுக்க இது ஆகாது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய இளைஞர்களும் 'வாயுஜல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கரண்ட் செலவைக் குறைக்க உழைக்கிறார்கள். அது வேண்டிய உழைப்பு.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓமர் யாகி. 1965-இல் ஜோர்டான் நாட்டு அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஒரே அறை, பக்கத்தில் மாடுகள். குழாயில் தண்ணீர் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை, அதுவும் சில மணி நேரம். நிற்பதற்குள் பிடித்து வைக்க வேண்டியது பிள்ளைகள் வேலை. அந்தப் பிள்ளை வேதியியல் படித்து, கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகள் நிறைந்த ஒரு வகைப் பொடியை உருவாக்கினார். 20 விழுக்காடே ஈரமுள்ள காற்றிலிருந்தும் இரவில் அது நீரை உறிஞ்சும். பகலில் வெயில் சூட்டில் விட்டுவிடும். 2017-இல் இதைச் செய்து காட்டினார்கள். 2025-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

அதைப் படித்த அன்று எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். எங்கள் லயத்துக்கு ஒரே குழாய். அம்மா பால்வெட்டு முடித்து வந்து, மண்ணெண்ணெய் டின்னோடு வரிசையில் நிற்பார். சில நாள் அவர் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அப்போது வெறும் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வருவார். அந்த நடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் யாரும் உங்களை ஏமாற்றக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

சங்கத்தாருக்கு என் யோசனை இது. இப்போது அந்த இயந்திரம் வேண்டாம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது பினாங்கின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் தண்ணீர் தடைப்பட்டதே, அப்படிப்பட்ட நாளுக்கு மூடியுள்ள நல்ல தொட்டி ஒன்று வாங்குங்கள். கூரைக்குத் தகரக்கால் போட்டு மழைநீரையும் பிடியுங்கள். நம் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நூறு சதுர மீட்டர் கூரையில் விழுவதே இரண்டு லட்சம் லிட்டர். கழுவ, செடிக்கு ஊற்ற, கக்கூசுக்கு அது போதும். அதுவும் காற்றிலிருந்து வந்த தண்ணீர்தானே, கரண்ட் பில் இல்லாமல்!

தம்பி தங்கைகளுக்கு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். வெளியே தாழ்வாரத்தில் பழைய ஏர்கோன் ஒன்றை ஓடவிட்டு, குழாய்க்குக் கீழே அளவுக் கோடு போட்ட போத்தலை வைத்திருக்கிறேன். பரிசளிப்பு முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எவ்வளவு சேரும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிறகு எல்லாரும் போய் அளந்து பார்ப்போம். அந்தத் தண்ணீரை மட்டும் யாரும் குடித்துவிடாதீர்கள். உள்ளே எத்தனை வருஷத்து அழுக்கு என்று எனக்குத்தான் தெரியும்.